கையில் இருந்த சம்மதம்

சரி என்று அவர் சொல்லி அப்போதெல்லாம் நான் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் ஒரே சொல்தான் வரும்: "பாத்துக்கிடலாம்."

தூத்துக்குடியில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளம் அவருடைய கடை. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை. தெருவே பாத்திரக்கடை அக்கா என்றது. நான் வெறுமனே அக்கா என்றேன். அண்டாக்கள் வாய் கவிழ்ந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை முட்ட நிற்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது உப்பளத்து வெக்கையை அள்ளிக்கொண்டு தெருவுக்குள் புகும்போது அவை தங்களுக்குள் முனகும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இங்கே ஏதோ ஒரு மூடி அதிரும். அந்த முனகலுக்கும் அதிர்வுக்கும் நடுவில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புளியும் தேங்காய் நாருமாக அக்கா உட்கார்ந்திருப்பார். தேய்க்க ஆள் உண்டு. ஆனாலும் அவரும் தேய்ப்பார். "நான் ஒருவாட்டி தேச்சாத்தான் தம்பி எது ஓட்ட, எது ஒடுங்கினதுன்னு கைக்குத் தெரியும்." பித்தளைக் களிம்பும் புளியும் உள்ளங்கை ரேகைகளில் ஏறி, கறுப்பு மையில் வரைந்த ஆற்றுப்படம் மாதிரி இருக்கும் அந்தக் கை.

கையைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவர் பேசியது கையால்தான். வாய் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, பிறகு பார்ப்போம், இப்போது ஆளை விடு. இன்னொன்று, கவலையை இங்கே இறக்கி வை, நான் இருக்கிறேன். எந்தப் பொருளில் சொல்கிறார் என்பது முகத்திலும் தெரியாது, குரலிலும் தெரியாது. கையைப் பார்க்க வேண்டும். கை மடியில் கிடந்து, கண் மின்விசிறியைப் பார்த்தால் அது நடக்காது. சொல் வாயிலிருந்து இறங்கும் முன்பே கை வேலையைத் தொடங்கிவிட்டால், அது முடிந்த மாதிரி.

உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் கேட்டு வந்தார். "அக்கா, அட்வான்ஸ் இப்பம் கையில இல்ல. லோடு போன பொறவுதான்..."

"பாத்துக்கிடலாம்." அக்கா அதற்குள் எழுந்து, நடுத்தர அண்டா ஒன்றை இழுத்து, விரல் முட்டியால் தட்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா, நான் என்ன சொல்லுதேன்னா..."

"ஏலே, சொன்னது போதும். அந்தக் காதப் பிடி. மூடிய நான் தூக்கிக்கிடுதேன்."

கட்சிக்காரர் ஒருவர் கூட்டத்துக்கு ஓசியில் கேட்டு வந்தபோதும் இதே சொல்தான். ஆனால் கை மடியில். அவர் நம்பிக்கையோடு தினமும் வந்து டீ குடித்துவிட்டுப் போனார். கூட்டம் முடிந்த பிறகும் இரண்டொரு நாள் வந்தார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் இதைத்தான் சொன்னாராம். கொழுந்தன் சொல்லிச் சிரிப்பார். "எங்க அண்ணன் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான் தம்பி. 'இன்னும் பாத்துக்கிட்டுத்தான்லே இருக்கா, ஒரு முடிவு சொல்ல மாட்டேங்கா'ன்னு."

"அன்னைக்கு என் கை காப்பித் தட்ட நீட்டிருச்சே. அத உங்க அண்ணன் பாக்கல, பக்கத்துத் தட்டுல இருந்த அல்வாவப் பாத்தாரு" என்பார் அக்கா.

கரண்டி வந்ததும் இப்படித்தான். புன்னைக்காயலில் ஒரு கல்யாணத்துக்குப் போன பாத்திரங்கள் திரும்பி வந்து இறங்கின. சுமை இறக்கியவர்கள் எண்ணி முடித்து, "எல்லாம் சரியா இருக்குக்கா. ஒரு கரண்டி மட்டும் கூட வந்திருக்கு" என்றார்கள். பாயசம் ஒட்டிய அண்டாவுக்குள், இருக்கிற கரண்டியோடு கூடுதலாக, செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய்க்குட்டி. மூக்கு முழுக்கச் சவ்வரிசி. "திருப்பிக் கொண்டுபோய் விட்டுரவாக்கா?" என்று கேட்டார்கள். "பாத்துக்கிடலாம்" என்றபோது கை துணி நனைத்து அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கரண்டி என்றே பேர் நின்றுவிட்டது. அது வளர்ந்து கடையின் பெரிய அண்டா ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. பக்கவாட்டில் சாய்த்து வைத்த அண்டா. உள்ளே கோணி. முகூர்த்த நாளில் எல்லா அண்டாவும் வெளியே போனாலும் அது மட்டும் போகாது. "அது வீடுல்லா. வீட்ட எப்படி வாடகைக்கு விட?" நாய் குரைத்தால் அண்டாவுக்குள்ளிருந்து கோயில் மணி மாதிரி வரும். புதிதாகத் தெருவுக்கு வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

உண்ணிக் காய்ச்சல் வந்தபோது அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். தெரு முனை ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர்தான் எப்போதும் ஓட்டி வருவார். அவருக்கும் ஒரு நாய் உண்டு. ராஜா. வெள்ளையில் பழுப்புத் திட்டு, காது மடங்கிய வயசாளி. சவாரி இல்லாத நேரத்தில் அவர் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மருத்துவமனை வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் காத்திருந்ததற்கு அவர் துட்டு வாங்க மாட்டார். "நாய் வச்சிருக்கவனுக்கு நாய் வச்சிருக்கவ என்னத்தக் குடுக்க" என்பார். காய்ச்சல் ஊசியிலேயே தீர்ந்தது. குட்டி போடும் முன்பே கருப்பையை எடுத்துவிடுங்கள், பின்னால் பால்மடியில் கட்டி வராமல் இருக்கும் என்று அங்கே சொன்னார்கள். அக்கா மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "ஒருவாட்டியாவது ஈனட்டும். பொறவு பாத்துக்கிடலாம்."

அது ஈனவும் இல்லை. பிறகு பார்க்கவும் இல்லை.

ஆனி மாதம் ஒரு காலை என்னைக் கீழே கூப்பிட்டார். கரண்டி குளித்த ஈரத்தோடு மல்லாந்து கிடந்தது. "தம்பி, இங்கன தொட்டுப் பாருங்க." கடைசி மடிக்காம்புக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று தோலுக்கடியில் உருண்டது. அழுத்தினால் நாய் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் முகம்தான் சுளித்தது.

அறுத்து எடுக்கத்தான் வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் சொல்லி, தனியார் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். சின்ன வயசு. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ங்க' தொங்கும்.

"பேருங்கம்மா?"

"கரண்டி."

சிரிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மேசையில் ஏற்றினோம். நாய் வழுக்கும் தகரத்தில் நடுங்கியது. அக்கா ஒரு கையால் கழுத்தையும் ஒரு கையால் இடுப்பையும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒவ்வொரு காம்பாகத் தடவிப் பார்த்தார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, அறுவை, எடுத்ததை லேபுக்கு அனுப்புவது, அதற்குப் பிறகு கட்டு மாற்றுவது என்று நிதானமாகச் சொன்னார். மொத்தத் தொகையைச் சொல்லும்போது குரல் தணிந்தது. தொகை அவருக்கே கூச்சமாக இருந்த மாதிரி.

"கட்டி இன்னும் சிறுசுதானுங்க. இப்ப எடுத்துட்டா நல்லதுங்க. என்ன பண்ணலாங்கம்மா?"

"பாத்துக்கிடலாம் டாக்டர்."

நான் வாசலில் சங்கிலியைப் பிடித்தபடி நின்றேன். என் காதில் அது சம்மதமாகத்தான் விழுந்தது. அவரை எனக்குத் தெரியுமே. டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கண் முன்னால் இருந்தது மட்டும். நைந்த சேலை, தூக்கிச் செருகிய கொசுவம், கறுத்துப்போன விரல்கள். அந்த இரண்டு கைகளும் நாயை அணைத்துக்கொண்டிருந்தன. வேறு எதையும் தொடங்க அவற்றுக்கு அப்போது வழியில்லை.

டாக்டரின் முகம் இளகியது. "சரிங்கம்மா. அப்ப இந்த மாத்திரையக் குடுங்க. ஏதாச்சும்னா வாங்க." பார்த்ததற்குப் பணம் நீட்டியபோது, "அதெல்லாம் இருக்கட்டுங்க" என்று தள்ளிவிட்டார்.

ஆட்டோவில் ஏறியதும் அக்கா சொன்னார்: "நல்ல மனுசன். முன்னாடியே வாங்கிட்டா கணக்கு குழம்பும்னு விட்டுட்டாவ. எல்லாஞ் சேத்து கடைசில வாங்கிக்கிடுவாவ."

பாத்திரக்கடையில் அப்படித்தான் வழக்கம். தெரிந்த வீடு என்றால் விசேஷம் முடிந்து, பாத்திரம் திரும்பி, ஒடுங்கினது உடைந்தது பார்த்து, அதற்குப் பிறகுதான் பணப்பேச்சு.

அன்றே ஆயத்தம் தொடங்கிவிட்டது. பழைய வேட்டி இரண்டைக் கிழித்து, முதுகில் நாடா வைத்து, வயிற்றை மூடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்தார். தையலை நாய் நக்கிவிடக் கூடாதாம். டாக்டர் வீட்டு பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அண்டாவைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைத்தார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வந்த பெரிய வீட்டு ஆர்டர் ஒன்றை வேறு கடைக்குக் கைமாற்றி விட்டார். சட்டையைப் போட்டு அளவு பார்த்தபோது கரண்டி வெட்கப்பட்ட மணப்பெண் போலத் தலை குனிந்து நின்றது. தெரு முழுக்க வந்து பார்த்தது.

கொழுந்தன் வாசலில் நின்று தலையில் கை வைத்தார். "மதினி, அந்தத் துட்டுக்கு ஒரு கறவ மாடு வாங்கலாம்."

"வாங்கலாம். மாடு அண்டாக்குள்ள படுக்குமா?"

"நாய்க்கு ஆப்பரேசன்னு வெளிய சொல்லிராதீய. சம்பந்தக்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் கேட்டு வரட்டும். நானும் சிரிக்கேன்."

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கோயில் கொடைகள் மட்டும். அக்காவுக்கு ஓய்வு. "இப்பம் கூப்பிட்டாவன்னா எனக்கும் சௌகரியம்" என்று செல்போனைக் கல்லாப்பெட்டி மேலேயே வைத்திருந்தார். மாத்திரை தீர்ந்தது. மருந்துக்கடையில் இன்னொரு அட்டை வாங்கினார். சுண்டைக்காய் எலுமிச்சங்காய் ஆயிற்று.

"ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வரலாமாக்கா?" என்றேன்.

"அதெப்படித் தம்பி? தேதி குறிக்கிறது விசேஷக்காரங்க வேல. பாத்திரக்காரி போய், என்னைக்கு வச்சிருக்கியன்னு கேட்டா முறையா இருக்குமா? ஒரு மேசதான் இருக்கு அவங்களுக்கு. வருசைல எத்தன சீவன் நிக்கோ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆடியில கத்தி வைக்கக் கூடாதுன்னு டாக்டரும் பாக்காவளோ என்னமோ" என்றார்.

அவர் தொழிலில் அது மரியாதை. கல்யாண வீட்டில் போய் நாள் விசாரித்தால், தட்டிப்போன கல்யாணமாக இருந்தால் என்ன ஆகும்? அதனால் பாத்திரக்கடைக்காரர்கள் தாமாகக் கேட்பதில்லை. கூப்பிட்டால் போவார்கள். அந்த மரியாதையைத்தான் அவர் டாக்டருக்கும் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே இருந்தார். காற்று தெருவில் மணலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருந்தது. கல்லாப்பெட்டி மேல் செல்போன் ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுப்பார். கொடைக்காரர்களாக இருக்கும். சமையல்காரர்களாக இருக்கும்.

ஆவணி தொடக்கத்தில் கட்டி உடைந்தது. கோணியில் ரத்தமும் சீழும். ஆட்டோவில் போகும்போது தைத்து வைத்த சட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டார். இன்றைக்கே வைத்துவிடுவார்கள் என்ற நினைப்பு.

டாக்டர் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். "என்னங்கம்மா, இவ்வளவு நாள் விட்டுட்டீங்களே."

"நீங்க கூப்பிடலையே டாக்டர்."

"நானுங்களா?"

"தேதி சொல்லுவியன்னு இருந்தேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேட்டித் துணிச் சட்டையைப் பார்த்தார், அதன் நாடாக்களைப் பார்த்தார். மெல்ல அவருக்கு விளங்கிக்கொண்டு வருவதை நான் பார்த்தேன்.

"நீங்க வேண்டாம்னு சொன்னதா நெனச்சேனுங்க. எங்க ஊருப் பக்கம் பாத்துக்கலாம்னா அப்படித்தானுங்க. இங்க வர்றவங்களும், காசு இல்லாதவங்க அதத்தான் சொல்லிட்டுப் போவாங்க. மேல கேட்டா சங்கடப்படுவாங்கன்னு விட்டுருவேனுங்க."

அக்கா கையிலிருந்த சட்டையை நாலாக மடித்தார். பக்கத்து அறையில் ஒரு குட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சுக்கூட்டுக்குள் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள், உப்பைத் தூவிய மாதிரி. பரவிவிட்டது, இனி அறுத்தும் பயனில்லை என்றார். முதல் நாளே எடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று நான் கேட்டேன். "சொல்ல முடியலைங்க. அன்னைக்கே உள்ள இருந்திருக்கவும் கூடும். படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." எதையும் மறைக்காத பதில். ஆறுதலுக்கும் குற்றத்துக்கும் நடுவில் எங்களை நிறுத்திவிட்டுப் போன பதில்.

"நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணுங்கம்மா" என்றார் டாக்டர்.

அக்கா நாயின் காதைத் தடவிக்கொண்டே என்னிடம்தான் பேசினார். "ரெண்டெழுத்துலா தம்பி. சரி. அதச் சொல்ல என் வாய்க்கு என்ன கேடு?"

வலி மாத்திரையில் சில நாட்கள் போயின. பிறகு அது சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூச்சு அண்டாவுக்குள் உரசும் சத்தம் மாடி வரை கேட்டது. டாக்டர் ஒரு மத்தியானம் கடைக்கே வந்தார். தூங்க வைக்கிற ஊசி. அண்டா வாயில் மண்டியிட்டு உட்கார்ந்து, "நீங்க வாயால சொன்னாத்தான் போடுவேனுங்கம்மா" என்றார்.

"போடுங்க" என்றார் அக்கா. என்ன செய்யலாம் என்பதற்கு அவர் ஒளிவில்லாமல் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கை இரண்டும் நாயின் மேல் அசையாமல் இருந்தன.

அன்றிலிருந்து அந்தப் பழைய சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. கடையில் இப்போது சரி, இல்ல, முடியாது, பாதி இப்பம் பாதி மறுநாள். எல்லாம் அறுத்த மாதிரி. பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் படியில் நின்று தயங்கினார்கள். முன்பெல்லாம் அவர்களுக்கு உட்கார இடம் இருந்த மாதிரியும் இப்போது யாரோ அதை எடுத்துவிட்ட மாதிரியும் இருந்தது. "அக்கா நல்லாத்தான் பேசுதாவ. ஆனா கிட்ட போகப் பயமா இருக்கு" என்று தேய்க்கிற பெண் என்னிடம் சொன்னாள்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தெருவில் யார் வீட்டு ஆடு, நாய், பூனைக்குச் சீக்கு என்றாலும் அக்கா கூடப் போக ஆரம்பித்தார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. டாக்டர் முன்னால் நின்று அவரே கேட்பார்: "எல்லாம் செஞ்சா எவ்வளவு ஆவும்? குறைச்சுச் செஞ்சா என்ன விட்டுப்போவும்? ஒண்ணுமே செய்யலேன்னா அது எப்படிக் கஷ்டப்படும்?" டாக்டர் சொல்லி முடித்ததும் வளர்ப்பவர் பக்கம் திரும்புவார். "இப்பம் சொல்லு. ஆமாவா, இல்லையா?" நல்லதும் நடந்தது. மூத்திரம் அடைத்துக் கிடந்த ஒரு பூனை அன்றைக்கே மேசையேறிப் பிழைத்தது. பார்வை போய் நடக்க முடியாமல் கிடந்த கிழ நாய்க்கு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரால் "போதும்" என்று சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு அக்கா தோளில் சாய்ந்து அழுதார். டாக்டரும் அக்காவைப் பார்த்தால் நிம்மதியடைவார். இருவருமாகச் சேர்ந்து எதையோ சரிசெய்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒத்துக்கொள்ளவும் முழு மனம் வரவில்லை.

ஆட்டோக்காரரின் ராஜா படுத்தது மாசி வாக்கில். வாந்தி, வாயில் நாற்றம். தண்ணீர் குடித்தபடியே இருந்தது. அவர் ஆட்டோவிலேயே போனோம். அக்கா பின்னால் ராஜாவை மடியில் வைத்திருந்தார். நான் பக்கத்தில். வழியெல்லாம் அவர் கண்ணாடியில் நாயையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

சிறுநீரகம் பழுது என்றார் டாக்டர். தினமும் கொண்டுவந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், ரத்தம் சோதித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஓரளவு தேறலாம், தேறினாலும் மருந்தும் தனிச் சாப்பாடுமாக ஓட்ட வேண்டும். தொகையைச் சொன்னார். ஆட்டோக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காக்கிச் சட்டைப் பித்தானைப் போட்டார், கழற்றினார், போட்டார்.

"பாப்போம் டாக்டர்" என்றார்.

அக்காவின் முகம் மாறியது. "ஏலே, பாப்போம்னா என்னலே? அங்கன அது சாகக் கிடக்கு."

"இல்லக்கா, பாப்போம்னு..."

"நானும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனேன். எனக்கு ஆனது உனக்கு ஆவக் கூடாது. வாயத் தொறந்து சொல்லு. ஆமாவா, இல்லையா?"

"அக்கா, வெளிய போய்ப் பேசுவோம்."

"இங்கனயே சொல்லு. டாக்டருக்குத் தெரியணும்லா."

அறையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். கூண்டில் கிளியோடு ஒரு பெண், ஒரு சடை நாயோடு கப்பல் கம்பெனி சட்டை போட்ட ஒருவர். எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். ஆட்டோக்காரர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"துட்டு இல்லக்கா. போதுமா?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆட்டோக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ராஜாவைச் சுற்றி, மேசையிலிருந்து தூக்கினார். அது அவர் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அவர் வெளியே போனார்.

அக்கா செருப்பு போடாமல் ஓடினார். நான் பின்னால் போவதற்குள் ஆட்டோ உறுமத் தொடங்கியிருந்தது. முன் இருக்கையில் அவர் காலடியில் ராஜா. அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நான் தாரேம்லே. எவ்வளவு ஆனாலும் நான் தாரேன்."

அவர் திரும்பவில்லை. கோபமும் இல்லை குரலில்.

"வேண்டாம்க்கா" என்றார்.

அவ்வளவு தெளிவாக எங்கள் தெருவில் யாரும் அக்காவிடம் பேசியதில்லை. அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்தார். உப்பு லாரி ஒன்று எதிரே வந்தது. அதற்கு வழிவிட்டு, ஆட்டோ ஓரமாகவே, மெதுவாகவே போயிற்று, உள்ளே இருப்பதற்குக் குலுங்கக் கூடாது என்று ஓட்டுகிற மாதிரி.